கூட யார் வந்திருக்காங்க?

நம் ஊர் ஆஸ்பத்திரிகளில் என்ன நோய் என்று கேட்பதற்கு முன்பே இன்னொரு கேள்வி வந்துவிடும். “கூட யார் வந்திருக்காங்க?” ஓ.பி. சீட்டு போடும் இடத்தில் கேட்பார்கள், ஸ்கேன் அறை வாசலில் கேட்பார்கள், ஊசி போடும் நர்ஸ் கேட்பார். வேலை நடக்க வேண்டுமே என்று கேட்கிற சாதாரணக் கேள்விதான். பணம் கட்ட ஒரு கவுண்டருக்கும் ரிப்போர்ட் வாங்க இன்னொரு கவுண்டருக்கும் ஓட ஆள் வேண்டும், தள்ளுவண்டியைப் பிடிக்க ஆள் வேண்டும், வெளியே போய் மாத்திரை வாங்கிவர ஆள் வேண்டும். யாரும் வரவில்லை என்று சொல்லிப் பாருங்கள். கேட்டவர் முகத்தில் கொஞ்சம் எரிச்சலும் கொஞ்சம் பரிதாபமும் சேர்ந்து வரும்.

இதே கேள்வி ஒரு மாற்றுத்திறனாளி வரும்போது வேறு பொருள் கொள்கிறது. பெரும்பாலும் அது அவரிடம் கேட்கப்படுவதே இல்லை. பக்கத்தில் நிற்பவரிடமோ, அவர் தலைக்கு மேலே காற்றிலோ கேட்கப்படுகிறது. வெள்ளைக் கோலோடு வருகிறவருக்குப் பார்வைதான் இல்லை, காது நன்றாகவே கேட்கும். ஆனாலும் டாக்டர், கூட வந்த தம்பியைப் பார்த்து, “அவருக்கு எத்தனை நாளா வயித்து வலி?” என்கிறார். “நாலு நாளா, சார்” என்று அண்ணன் பதில் சொல்கிறார். டாக்டர் மறுபடி தம்பியிடமே, “சாப்பாடெல்லாம் எப்படி எடுத்துக்கறார்?” படிக்கும்போது சிரிப்பு வரலாம். மாற்றுத்திறனாளி நண்பர்கள் யாரிடமாவது இதைச் சொல்லிப் பாருங்கள், அவர்களிடம் இதைவிட நல்ல கதை ஒன்று இருக்கும்.

தனியாக ஆஸ்பத்திரிக்குப் போய், தன் வாயால் அல்லது தன் கையால் நோயைச் சொல்லி, மருந்து வாங்கி, தனியாகவே வீடு திரும்ப ஒரு மனிதருக்கு உரிமை உண்டா? பெரிய பெரிய உரிமைகளுக்கு நடுவில் இது சில்லறை விஷயமாகத் தெரியும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. உலக சுகாதார நிறுவனம் 2022 டிசம்பரில் வெளியிட்ட அறிக்கைப்படி உலகில் 130 கோடிப் பேர், அதாவது ஆறில் ஒருவர், ஏதோ ஒரு குறிப்பிடத்தக்க உடல் அல்லது மனக் குறைபாட்டோடு வாழ்கிறார்கள். அவர்களில் சிலர் மற்றவர்களைவிட 20 ஆண்டுகள் வரை முன்னதாகவே இறந்துபோகிறார்கள். அந்த 20 ஆண்டுகளையும் குறைபாடே தின்றுவிட்டது என்று நினைக்க வேண்டாம், தவிர்த்திருக்கக்கூடிய காரணங்கள் அதில் நிறைய இருக்கின்றன என்பதே அறிக்கையின் வாதம். தமிழ்நாட்டில் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி மாற்றுத்திறனாளிகள் ஏறத்தாழ 11.8 லட்சம் பேர். அத்தனை பேருக்கும் கூட வர ஆள் இருக்கிறது என்ற நம்பிக்கையின் மேல்தான் நம்முடைய ஆஸ்பத்திரிகள் கட்டப்பட்டிருக்கின்றன.

திருக்குறளில் மருந்து என்று ஒரு அதிகாரம் உண்டு. அதில் பெரும்பகுதி சாப்பாட்டைப் பற்றியதுதான்: முன்னே சாப்பிட்டது செரித்த பிறகு சாப்பிடு, பசி அறிந்து சாப்பிடு, அளவோடு சாப்பிடு. கடைசிக் குறளுக்கு வரும்போது மருத்துவம் என்பது எதெல்லாம் சேர்ந்தது என்று வள்ளுவர் கணக்குச் சொல்கிறார். நோயாளி, வைத்தியர், மருந்து, நான்காவதாகப் பக்கத்திலிருந்து கவனித்துக்கொள்கிறவர். சரக சம்ஹிதையிலும் இதே நான்கு உண்டு. இந்த நான்காவது ஆளை நம்மில் பலர் அம்மா என்றோ மனைவி என்றோ மனதில் வரைந்துகொள்வோம். பரிமேலழகர் அப்படி வரையவில்லை. அவருடைய உரையில் இந்த ஆள் மருந்தைப் பிழையில்லாமல் செய்து கொடுக்க வேண்டியவர், அன்பும் அறிவும் அவருக்குத் தகுதிகள். அதாவது வள்ளுவர் கணக்கில் நாலாவது ஆள் மருத்துவத்தின் ஒரு பாகம். வைத்தியரும் மருந்தும் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம்.

நாம் அவரைத் தூக்கி நோயாளியின் பக்கம் வைத்துவிட்டோம். அவருக்கு ‘அட்டெண்டர்’ என்று பெயர் வைத்து, கழுத்தில் ஒரு பாஸைத் தொங்கவிட்டு, ராத்திரி வராந்தாவில் பாய் விரித்துப் படுக்க வைத்திருக்கிறோம். ஆஸ்பத்திரி சம்பளம் கொடுத்து வைத்துக்கொள்ள வேண்டிய நாலு பேருடைய வேலையை ஒரு அக்காவோ ஒரு மகனோ லீவு போட்டுவிட்டு வந்து செய்கிறார்கள். இதைப் பாசம் என்று நாம் கொண்டாடுகிறோம். பாசம்தான், இல்லை என்று யார் சொன்னது? ஆனால் அந்தப் பாசம் யாருடைய செலவை மிச்சப்படுத்துகிறது என்று கேட்கலாம் அல்லவா?

*

காது கேளாத ஒரு பெண் மகப்பேறு மருத்துவரிடம் போகிறாள் என்று வைத்துக்கொள்வோம். சைகை மொழி தெரிந்தவர் அந்த ஆஸ்பத்திரியில் யாரும் இல்லை. கூட வந்த மாமியார்தான் அவளுக்கு வாய். அந்த மாமியாருக்கும் முறையான சைகை மொழி தெரியாது. வா, போ, சாப்பிடு, தூங்கு என்ற அளவில் வீட்டுக்குள் உருவாக்கிக்கொண்ட சைகைகள்தான். டாக்டர் ஐந்து நிமிஷம் விளக்குகிறார். மாமியார் அதை இரண்டு அசைவில் முடித்துவிடுகிறார்: மாத்திரை, சாப்பிடு. எதற்கு மாத்திரை, எத்தனை நாளைக்கு, என்ன பின்விளைவு? எல்லாம் மாமியாரின் தலைக்குள் போய் அங்கேயே நின்றுவிட்டது. இன்னொரு திசையில் நடப்பது இதைவிட மோசம். அவளுக்குச் சொல்ல வேண்டியிருப்பது இந்தக் கர்ப்பம் எனக்கு இப்போது வேண்டாம் என்பதாக இருக்கலாம். புருஷன் அடிக்கிறான் என்பதாக இருக்கலாம். அதை மாமியார் வழியாக எப்படிச் சொல்வாள்?

“எழுதிக் காட்டலாமே” என்று உடனே சொல்லத் தோன்றும். பிறவியிலிருந்தே காது கேளாத பலருக்கு முதல் மொழி சைகைதான், எழுத்துத் தமிழ் பிறகு கற்றுக்கொண்ட இன்னொரு மொழி. சைகை மொழிக்கு அதற்கே உரிய இலக்கணம் இருக்கிறது. அது தமிழைக் கையால் பேசுவது இல்லை. டாக்டரின் கையெழுத்தில் வரும் தமிழ், அதுவும் பாதி மருத்துவ வார்த்தைகளோடு, காது கேட்கிற நமக்கே விளங்குவதில்லை. கொரோனா காலத்தில் எல்லோரும் முகக்கவசம் போட்டுக்கொண்டபோது உதட்டசைவை வைத்துப் புரிந்துகொள்கிறவர்களுக்கு அந்தக் கொஞ்சமும் போயிற்று. அது போனது அன்றைக்கு ஆஸ்பத்திரிகளில் யார் கண்ணிலாவது பட்டதா என்று தெரியவில்லை.

சக்கர நாற்காலியில் வருகிறவருக்கு வாய்க்குப் பஞ்சமில்லை, அவருக்குப் பிரச்சினை உயரம். பரிசோதனைக் கட்டிலைக் கவனித்திருக்கிறீர்களா? இடுப்பு உயரத்துக்கு இருக்கும், ஏறுவதற்குக் கீழே ஒரு இரும்புப் படி வைத்திருப்பார்கள். நிற்க முடியாத ஒரு பெண்ணை அதில் ஏற்ற இரண்டு வார்டு ஆண்கள் வர வேண்டும். ஒருவர் அக்குளில் கை கொடுப்பார், இன்னொருவர் தொடையில். தூக்கட்டுமா என்று கேட்கும் வழக்கம் கிடையாது. இந்தத் தொல்லையெல்லாம் எதற்கு என்று டாக்டரே சில சமயம், “பரவாயில்ல, நாற்காலியிலயே பார்த்துக்கலாம்” என்று விட்டுவிடுவார். கேட்க இதமாக இருக்கும். ஆனால் நாற்காலியிலேயே பார்க்க முடியாத சோதனைகள் அன்றோடு விட்டுப்போகும். கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை செய்ய அவர் படுத்தாக வேண்டும். மார்பகப் புற்றுநோய்க்கான எக்ஸ்ரே எடுக்கிற இயந்திரம் பல இடங்களில் நிற்கிற பெண்ணுக்காகவே வைக்கப்பட்டிருக்கிறது. “இவங்களுக்கு அதெல்லாம் எதுக்கு” என்று ஒரு நினைப்பும் இதனடியில் ஓடுகிறது. சக்கர நாற்காலியில் இருப்பவருக்கு உடலுறவு இருக்கும், ஆசை இருக்கும், குழந்தை வேண்டும் வேண்டாம் என்ற யோசனை இருக்கும் என்பது நம் மருத்துவர்களில் பலருக்கு இன்னும் செய்தியாகவே இருக்கிறது.

எடை பார்ப்பது இன்னொரு கூத்து. ஆஸ்பத்திரி எடை இயந்திரத்தில் ஏறி நிற்க வேண்டும். நிற்க முடியாதவரிடம், “எவ்வளவு இருப்பீங்க, ஒரு ஐம்பது?” என்று கேட்டு எழுதிக்கொள்வார்கள். மயக்க மருந்தும் புற்றுநோய் மருந்துகள் பலவும் உடம்பின் கணக்கை வைத்துத்தான் அளவிடப்படுகின்றன. நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டையை அப்படியே வைத்து எடை போட மேடைத் தராசு இருக்கிறது. பழைய இரும்புக் கடையிலும் இருக்கிறது. நாற்காலியோடு ஏற்றி நிறுத்தி, பிறகு நாற்காலியின் எடையைக் கழித்துக்கொண்டால் முடிந்தது. கண்டுபிடிக்க வேண்டிய தொழில்நுட்பம் எதுவும் இதில் பாக்கி இல்லை.

பார்வையற்ற என் நண்பர் ஒருவர் மாத்திரை அட்டைகளில் ரப்பர் பேண்ட் சுற்றி வைப்பார். ஒரு சுற்று என்றால் காலை, இரண்டு சுற்று என்றால் ராத்திரி. மருந்துக்கடைக்காரர் அதே மருந்தை வேறு கம்பெனியில் கொடுத்தால் அட்டையின் வடிவம் மாறிவிடும், அவர் மறுபடி யாரிடமாவது கேட்டாக வேண்டும். “எனக்கு என்ன நோய்னு எங்க தெருவுக்கே தெரியும்டா” என்று சிரித்துக்கொண்டே சொன்னார். டோக்கன் எண் திரையில் ஓடுகிற ஆஸ்பத்திரியில் அவர் காத்திருப்பார். மைக்கில் கூப்பிடுகிற ஆஸ்பத்திரியில் காது கேளாதவர் காத்திருப்பார். இரண்டையும் சேர்த்துச் செய்ய எவ்வளவு செலவாகும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளலாம்.

ஆகக் கூட ஒருவர் வந்தே தீர வேண்டும் என்றால், முதலில் போவது ரகசியம். நோயாளிக்கும் மருத்துவருக்கும் நடுவில் மூன்றாம் ஆள் கூடாது என்பது மருத்துவ அறத்தின் பழைய பாடம். மாற்றுத்திறனாளி வந்ததும் அந்தப் பாடத்தை யார் விருப்பமும் கேட்காமல் கிழித்துப் போட்டுவிடுகிறோம். அடுத்துப் போவது நேரம். மகளுக்கு லீவு கிடைக்கும் நாளில்தான் அம்மாவின் நெஞ்சு வலியைக் காட்ட முடியும். கடைசியாக, மறுக்கும் உரிமையும் போய்விடுகிறது. இதுதான் பெரியது. அதற்குப் பிறகு வருகிறேன்.

*

இங்கே ஒரு நியாயமான எதிர்வாதம் இருக்கிறது. “தனியா, தனியான்னு ஏன் அடிச்சுக்கறீங்க? நல்லா இருக்கறவனே ஆஸ்பத்திரிக்குத் தனியாப் போகமாட்டான். ஒருத்தரை ஒருத்தர் சார்ந்து வாழறதுதானே குடும்பம்?” சார்ந்திருத்தலைக் கேவலமாகவும் தனித்திருத்தலைப் பெருமையாகவும் பார்ப்பது நவீன காலத்தின் நோய் என்று சொல்லும் தத்துவவாதிகளும் உண்டு. அலஸ்டயர் மெக்கின்டயர் 1999இல் எழுதிய ஒரு புத்தகம் முழுக்க இதைத்தான் பேசுகிறது: மனிதன் பிறக்கும்போதும் நோயிலும் முதுமையிலும் பிறரைச் சார்ந்த பிராணி, அறம் என்பதே அந்த உண்மையிலிருந்துதான் தொடங்க வேண்டும். அதே ஆண்டு ஈவா கிட்டே என்ற பெண் தத்துவவாதியின் புத்தகமும் வந்தது. கடுமையான அறிவுத்திறன் குறைபாடு கொண்ட மகளின் தாய் அவர். அந்த மகளுக்குத் ‘தனியாக’ என்ற சொல்லால் எந்தப் பயனும் இல்லை. அவர் வாழ்நாள் முழுக்க ஒருவர் கூட இருந்தாக வேண்டும்.

இதை நான் மறுக்கவில்லை. சொல்லப்போனால் கிட்டே கேட்கும் அடுத்த கேள்விதான் நம் ஊருக்கு ரொம்பப் பொருந்துகிறது. பார்த்துக்கொள்கிறவரை யார் பார்த்துக்கொள்வது? சார்ந்திருப்பது மனித இயல்பு என்றால், அந்தப் பாரத்தை ஒரே ஒரு அம்மாவின் முதுகில் ஏற்றிவைக்க என்ன நியாயம் இருக்கிறது? இயல்பு எல்லோருடையது என்றால் பாரமும் எல்லோருடையதாகத்தானே இருக்க வேண்டும்? நான் கூட்டிக்கொண்டு போகிற துணைக்கும், அது இல்லாமல் உள்ளே விடமாட்டேன் என்று கேட்கப்படுகிற துணைக்கும் வித்தியாசம் இருக்கிறது. முதலாவது உறவு, இரண்டாவது நுழைவுச்சீட்டு.

நுழைவுச்சீட்டு இல்லாதவர்கள் என்ன ஆனார்கள் என்று தமிழ்நாட்டுக்குத் தெரியும். 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி விடியற்காலையில், ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், தர்காவை ஒட்டி நடந்துவந்த ஒரு மனநலக் காப்பகத்தில் தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலானவர்களை அங்கே கொண்டுவந்து விட்டது சொந்தக் குடும்பம்தான். அந்தக் குடும்பங்களைக் கல்நெஞ்சக்காரர்கள் என்று திட்டுவது சுலபம். பக்கத்தில் மனநல மருத்துவர் இல்லை, மாதா மாதம் மருந்து கிடைக்க வழி இல்லை, பகல் முழுக்கப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை, கூலி வேலைக்கும் போக வேண்டும். நாலாவது ஆளாக இருந்து இருந்து நைந்துபோனவர்கள் கடைசியில் சங்கிலியை நாடினார்கள். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் யாரையும் எந்த விதத்திலும் சங்கிலியிடக் கூடாது என்று தடை செய்துவிட்டது. சங்கிலி செய்துகொண்டிருந்த வேலையை யார் செய்வது என்பதற்கும் அரசுதான் பதில் சொல்ல வேண்டும்.

இப்போது மறுக்கும் உரிமைக்கு வருகிறேன்.

1994இல் மகாராஷ்டிராவின் ஷிரூரில் அரசு இல்லம் ஒன்றில் இருந்த மனவளர்ச்சி குன்றிய பெண்கள் சிலரைப் புனேவுக்குக் கொண்டுபோய்க் கருப்பையை அகற்றினார்கள். நோய் எதுவும் இல்லை. மாதவிடாய் நேரத்தில் அவர்களால் தங்களைச் சுத்தமாக வைத்துக்கொள்ள முடியவில்லை, பார்த்துக்கொள்கிறவர்களுக்குச் சிரமமாக இருக்கிறது என்பதுதான் காரணம். செய்தி வெளியே வந்து பெண்கள் அமைப்புகள் போராடியபோது, அறுவைச் சிகிச்சையை ஆதரித்துப் பேசியவர்கள் குறைவில்லை. கருணையோடுதான் பேசினார்கள், அதுதான் பயமாக இருக்கிறது. ஒருவரின் உடம்பைப் பார்த்துக்கொள்கிற வேலை யாருக்கோ அந்த உடம்பும் அவருக்கே என்று ஒரு கணக்கு இதில் ஒளிந்திருக்கிறது.

பதினைந்து வருடம் கழித்து 2009இல் உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு வழக்கு வந்தது. சண்டிகரில் அரசு இல்லத்தில் இருந்த, அறிவுத்திறன் குறைந்த ஓர் இளம் பெண், அங்கேயே பாலியல் வன்முறைக்கு ஆளாகிக் கர்ப்பமாகியிருந்தார். கர்ப்பத்தைக் கலைக்க உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது, அவருடைய நன்மைக்காகத்தான். குழந்தை வேண்டும் என்று அந்தப் பெண் சொல்லியிருந்தார். உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை நிறுத்தியது. அவருடைய சம்மதத்துக்குப் பதிலாக வேறு யாருடைய சம்மதமும் செல்லாது என்பது தீர்ப்பின் சாரம். அந்தப் பெண்ணால் குழந்தையை எப்படி வளர்க்க முடியும் என்று அன்றைக்குக் கேட்டவர்கள் உண்டு. தப்பான கேள்வி என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அதை வளர்க்க என்ன உதவி கொடுக்கப் போகிறோம் என்று அதிகாரிகளைப் பார்த்துக் கேட்டிருந்தால் இன்னும் பொருத்தமாக இருந்திருக்கும்.

கூட வந்தவர் எல்லாவற்றுக்கும் கையெழுத்துப் போடும் இடத்தில், இந்த உயிர் எவ்வளவு பெறும் என்ற கணக்கையும் சத்தமில்லாமல் அவரே போட நேர்கிறது. “இந்த நிலைமையில ஆபரேஷன்லாம் தேவையா, யோசிச்சுக்கங்க” என்று டாக்டர் வெளியே அழைத்துப்போய்ச் சொல்வது கூட வந்தவரிடம்தான். இந்தக் கணக்கை வெளிப்படையாகவே போட்டுப் பார்த்த ஊர்களும் உண்டு. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலம் ஏழைகளுக்கான மருத்துவச் செலவில் எதற்கு முன்னுரிமை என்று பட்டியல் போட்டது. அதற்காகப் பொதுமக்களிடம் தொலைபேசியில், இப்படிப்பட்ட குறைபாட்டோடு வாழ்வது எவ்வளவு மோசம் என்று மதிப்பெண் கேட்டார்கள். குறைபாடு இல்லாதவர்களின் பயமே மதிப்பெண்ணாக மாறிவந்தது. 1992இல் மத்திய அரசு, மாற்றுத்திறனாளிகளுக்கான சட்டத்துக்கு இது முரண் என்று அந்தத் திட்டத்தைத் திருப்பி அனுப்பியது. 2020 மார்ச்சில் பிரிட்டனில், தீவிர சிகிச்சைக்கு யாரை எடுப்பது என்ற வழிகாட்டுதலில், அன்றாட வேலைகளுக்குப் பிறர் உதவி தேவைப்படுவதைப் பலவீனமாக எண்ணும் ஓர் அளவுகோலைச் சேர்த்தார்கள். எதிர்ப்பு வந்ததும் ஒரே வாரத்துக்குள் திருத்தினார்கள்.

கடுமையான குறைபாடு உள்ளவர்களிடமே உங்கள் வாழ்க்கை எப்படி என்று கேட்டபோது பாதிக்கும் மேற்பட்டவர்கள் நன்றாகவே இருக்கிறது என்று சொன்ன ஆய்வு ஒன்று 1999இல் வெளியானது. ஆய்வாளர்கள் அதைப் புதிர் என்று அழைத்தார்கள். யாருக்குப் புதிர்? ஹாரியட் மெக்பிரைட் ஜான்சன் என்ற வழக்கறிஞர், தசைகள் நலிந்த உடம்போடு மின்சார நாற்காலியில் வாழ்ந்தவர், 2002இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்துக்குப் போய்ப் பீட்டர் சிங்கரோடு நேருக்கு நேர் விவாதித்தார். கடுமையான குறைபாட்டோடு பிறக்கும் சிசுவின் உயிரை முடிக்கப் பெற்றோருக்கு உரிமை வேண்டும் என்று வாதிட்டவர் சிங்கர். அந்த வாதத்தின்படி தன்னைப் போன்ற ஒருத்தி இங்கே இல்லாமலே போயிருப்பாள் என்பதை அறிந்தே அவர் போனார். அது பற்றி அவர் பிறகு எழுதிய கட்டுரையைத் தேடிப் படியுங்கள். என்னை அதில் அதிகம் தொந்தரவு செய்தது, சிங்கர் ரொம்ப மரியாதையாக நடந்துகொண்டார் என்று அவர் ஒப்புக்கொள்ளும் இடம்.

*

சட்டம் என்ன சொல்கிறது என்றால், நிறையவே சொல்கிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 25ஆம் பிரிவில், அரசு மருத்துவமனை தனியார் மருத்துவமனை இரண்டிலும் எல்லாப் பகுதிகளுக்கும் தடையின்றிப் போய்வர வழி இருக்க வேண்டும் என்கிறது, சிகிச்சையில் முன்னுரிமை தர வேண்டும் என்கிறது. விவரம் அறிந்து சுதந்திரமாகத் தரும் சம்மதமின்றி மலடாக்கும் சிகிச்சை கூடாது என்று 10ஆம் பிரிவு. கருக்கலைப்பு என்று வரும்போது மட்டும், கடுமையான குறைபாடு என்றால் மருத்துவர் கருத்தும் காப்பாளர் சம்மதமும் போதும் என்று அதே சட்டம் வேறொரு இடத்தில் ஒரு பின்வாசலைத் திறந்து வைத்திருக்கிறது. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம், அணுகல்தன்மைக்கான விதிகள் வெறும் பரிந்துரையாக இருப்பது சட்டத்துக்கே விரோதம், மீற முடியாத குறைந்தபட்ச அளவுகளை வகுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டது.

இதில் ‘முன்னுரிமை’ மட்டும் நடைமுறையில் ஓரளவு வேலை செய்வதைக் கவனியுங்கள். வரிசையில் நிற்கிறவர்களே, “பாவம், அவங்க முன்னாடி போகட்டும்” என்று விட்டுவிடுவார்கள். நல்ல மனசு, சந்தேகமே இல்லை. அதற்குக் காசு செலவில்லை, கட்டடத்தை இடிக்க வேண்டியதில்லை, கொடுத்தவருக்குப் புண்ணியமும் உண்டு. தாழ்கிற கட்டிலுக்கும், சைகை மொழிபெயர்ப்பாளருக்கும், அகலமான கழிப்பறைக் கதவுக்கும் புண்ணியக் கணக்கு கிடையாது, டெண்டர் விட வேண்டும். ஆகவே நாற்காலியில் வந்தவர் வரிசையைத் தாண்டி முதல் ஆளாக டாக்டர் அறைக்குப் போகிறார், போய் ஏற முடியாத கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்.

நாலாவது ஆளுக்கு அரசு காசு கொடுக்கவே முடியாது என்பதும் உண்மையில்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ளவர்களின் வீட்டுக்கே மாத்திரை வருகிறது, இயன்முறை சிகிச்சை தருகிறவர் வருகிறார், படுக்கையில் இருப்பவர்களைப் பார்க்க நர்ஸ் வருகிறார். வீடு வீடாகப் போகிற பெண்களுக்குத் தன்னார்வலர் என்று பெயர் வைத்து ஊக்கத்தொகையோடு நிறுத்திக்கொண்டது வேறு கதை, அதைத் தனியாகப் பேச வேண்டும். ஆனால் நோயாளி வர முடியாவிட்டால் மருத்துவம் போக வேண்டும் என்று அரசே ஒருமுறை சொல்லிவிட்டது. சொன்னதைப் பிடித்துக்கொண்டு மேலே கேட்கலாம்.

எனக்கு அதிக நம்பிக்கை வருவது வேறொரு திசையிலிருந்து. வேலூர் சி.எம்.சி.யில் மேரி வர்கீஸ் என்று ஒரு மருத்துவர் இருந்தார். 1954 ஜனவரியில் கார் விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு இடுப்புக்குக் கீழே செயலிழந்தது. அவர் இளம் டாக்டர். மகப்பேறு மருத்துவராக வேண்டும் என்று இருந்தவர். அப்போது அங்கே பால் பிராண்ட், தொழுநோயால் மடங்கிப்போன கைகளைத் தசைநாண் மாற்றி நிமிர்த்தும் அறுவைச் சிகிச்சைகளைச் செய்துகொண்டிருந்தார். கை அறுவைச் சிகிச்சையை உட்கார்ந்தே செய்யலாம். மேரி வர்கீஸ் சக்கர நாற்காலியில் இருந்தபடி அதைக் கற்றுக்கொண்டு செய்தார். பிறகு நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவம் படித்துவிட்டுத் திரும்பி அந்தத் துறையை வேலூரில் கட்டியெழுப்பினார். 1966இல் அங்கே மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. யாரும் கூடச் சேர்ந்து உட்காரத் தயங்கிய தொழுநோயாளிகளின் கையைப் பிடித்து அறுவை செய்தவர் தானும் ஒரு நோயாளியாகப் பரிதாபத்தைப் பார்த்தவர் என்பதை நினைத்துப் பாருங்கள். ‘இந்த நிலைமையில தேவையா’ என்ற வாக்கியம் அந்த அறையில் எப்படிச் சொல்லப்பட்டிருக்க முடியும்?

அவரைப் பெருமையாகச் சொல்லிக்கொள்கிற நாட்டில்தான், எம்.பி.பி.எஸ். சேர வேண்டுமென்றால் இரண்டு கைகளும் குறையில்லாமல், உணர்ச்சியோடும் வலுவோடும் இருக்க வேண்டும் என்று மருத்துவக் கல்விக்கான விதிமுறை சமீப காலம் வரை சொல்லிக்கொண்டிருந்தது. மனநல மருத்துவருக்கு இரண்டு கை எதற்கு, நோய்க்கூறு ஆய்வாளருக்கு எதற்கு என்று விதி யோசிக்கவில்லை. 2025 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்க மறுத்தது. ஒருவரால் என்ன முடியும் என்று அவரையே பார்த்து மதிப்பிட வேண்டும், பட்டியலைப் பார்த்து வெளியே தள்ளக் கூடாது என்று சொல்லி, கைகளில் குறைபாடு உள்ள ஒரு மாணவரின் சேர்க்கையை உறுதி செய்தது.

அவரைப் போன்றவர்கள் இனி ஒவ்வொருவராக உள்ளே வருவார்கள். ஒருவர் காது கேட்கும் கருவியோடு வருவார், ஒருவர் சக்கர நாற்காலியில் வருவார். ராத்திரி டியூட்டி போட்டால் அந்த டாக்டர் எங்கேயாவது கழிப்பறைக்குப் போயாக வேண்டும். அன்றைக்கு நிர்வாகம் ஆள் அனுப்பிக் கதவை அளக்கும். அதே மாடியில், நாலு கதவு தள்ளி, நோயாளிகளுக்கான கழிப்பறையும் இருக்கிறது.